குக்கியை அடைத்தாயிற்று, கிரைண்டர் இன்னும் துரத்துகிறது

கேள்வி, 11 மே 2025, இரவு 10.40

குரோமில் மூன்றாம் தரப்பு குக்கிகளைத் தடுத்து வைத்திருக்கிறேன். 'பின்தொடர வேண்டாம்' பொத்தானையும் போட்டிருக்கிறேன். போதாததற்கு இன்காக்னிட்டோ என்ற அந்தரங்கச் சன்னலில்தான் பார்த்தேன். பார்த்தது ஒரே ஒரு டேபிள்டாப் வெட் கிரைண்டர், இரண்டு லிட்டர். பதினைந்து நாளாக எந்தச் செய்தித் தளத்தைத் திறந்தாலும் அது வந்து நிற்கிறது. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனாலும் கிரைண்டர். அலுவலகத்தில் ஒருவர், "இந்த பிரைவசி செட்டிங்ஸ் எல்லாம் சுத்தக் கண்துடைப்பு" என்கிறார். உண்மையா? நான் கோயம்புத்தூர், நூற்பாலையில் கணக்குப் பிரிவு. கணினி ஆள் இல்லை, புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

12 மே, காலை

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கிரைண்டரை இணையத்தில் தேடினீர்களா? வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது. இந்தத் தண்டனை உங்களுக்கு வேண்டியதுதான்.

சரி, விஷயம். நான் விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரில் டிடிபி கடையும் பிரவுசிங் சென்டரும் சேர்த்து நடத்துகிறேன். ஆறு கணினி, பத்தொன்பது வருடம். அனுபவத்தில் சொல்கிறேன்: கண்துடைப்பு என்பது நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுக்கு மட்டும் அப்படியே பொருந்தும். 'பின்தொடர வேண்டாம்' பொத்தான். காம்பவுண்டு சுவரில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதி வைப்போமே, அதே ஜாதி. எழுத்து மறையும்படி அதன் மேலேயே ஒட்டிவிட்டுப் போவார்கள். உங்கள் பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் 'என்னைப் பின்தொடராதே' என்று ஒரு வரி அனுப்பும், அவ்வளவுதான். மதிக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. 2011-இல் ஃபயர்பாக்ஸ் அதைச் சேர்த்தது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதற்கென்று ஒரு குழு போட்டு வருடக்கணக்கில் பேசி 2019-இல் கடையைச் சாத்தியது. அதே வருடம் ஆப்பிள் தன் பிரவுசரான சஃபாரியிலிருந்து அதை எடுத்தது. எடுத்ததற்குச் சொன்ன காரணம்தான் வேடிக்கை: அந்தப் பொத்தானைப் போட்டவர்கள் கொஞ்சம் பேர் என்பதால், போட்டிருப்பதே ஆளை அடையாளம் காட்ட உதவுகிறதாம். இந்த வருடம் பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸும் எடுத்துவிட்டது. குரோமில் இன்னும் இருக்கிறது.

அதன் வாரிசாக 'என் தரவை விற்காதே, பகிராதே' என்று ஒரு சைகை ஃபயர்பாக்ஸில் இருக்கிறது. ஜிபிசி என்பார்கள். கலிஃபோர்னியாவில் அதற்குச் சட்டத்தின் பலம் உண்டு. அங்கே செஃபோரா என்ற அழகுப்பொருள் கடை அந்தச் சைகையை மதிக்காமல் விட்டதும் சேர்ந்து 2022-இல் 12 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. இங்கே நீங்கள் அதைப் போட்டால் என்ன ஆகும்? சுவரில் இன்னொரு 'ஒட்டாதீர்'.

12 மே, மாலை

மதியம் ஆள் கூட்டம், பாதியில் விட்டுப் போய்விட்டேன். குக்கி பற்றி.

குக்கி கெட்ட எண்ணத்தில் பிறந்தது இல்லை. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற அந்தக் கால பிரவுசர் கம்பெனியில் லூ மான்டுலி என்பவர் உருவாக்கியது. முன்பு வந்தவர்தானா இவர் என்று தளத்துக்கு ஞாபகம் வேண்டும், அதற்காகக் கையில் கொடுக்கும் டோக்கன். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் கொடுப்பார்களே, அப்படி. தகராறு எங்கே வந்தது என்றால், நீங்கள் போவது ஒரு செய்தித் தளத்துக்கு, ஆனால் அந்தப் பக்கத்துக்குள் ஓர் ஓரத்தில் விளம்பரக் கம்பெனியும் உட்கார்ந்து தன் டோக்கனைக் கொடுக்கிறது. அதே கம்பெனி ஆயிரம் தளங்களில் உட்கார்ந்திருக்கிறது. எல்லா வாசலிலும் ஒரே ஆள் செருப்புக்கு டோக்கன் போட்டால் நீங்கள் இன்று எந்தெந்தக் கோயிலுக்குப் போனீர்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் தரப்பு குக்கியைத் தடுப்பது இதைத்தான் தடுக்கிறது. இது பொய் இல்லை, நிஜமாகவே வேலை செய்கிறது. சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து முழுசாக அடைத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2022-இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பா என்று பிரித்துவிட்டது, ஒரு டப்பாவின் டோக்கன் இன்னொன்றில் செல்லாது. குரோம்தான் கதை. 2020 ஜனவரியில் 'இரண்டு வருடத்தில் நிறுத்துகிறோம்' என்றார்கள். பிறகு தள்ளிவைத்தார்கள், மறுபடி தள்ளிவைத்தார்கள், 2024 ஜூலையில் நிறுத்தவே போவதில்லை என்றார்கள், போன மாதம் 'வேண்டுமா வேண்டாமா என்று தனியாகக் கேட்கக்கூடப் போவதில்லை' என்று முடித்துவிட்டார்கள். பிரவுசர் செய்கிறவரே உலகத்தின் பெரிய விளம்பர வியாபாரியாகவும் இருந்தால் வேறு எப்படி முடியும்?

ஆனால் நீங்கள்தான் கையால் அடைத்துவிட்டீர்களே. அப்படியும் கிரைண்டர் வருகிறது என்றால் வேறு வழி. மூன்று கேள்வி. அந்தக் கடைத் தளத்தில் லாகின் செய்தீர்களா? செல்பேசி எண் எங்காவது கொடுத்தீர்களா? அதே கடையின் ஆப் போனில் இருக்கிறதா?

15 மே

கேட்டவர் பதில் போட்டுவிட்டார். லாகின் செய்தாராம். இன்காக்னிட்டோவுக்குள் போய், 'விருப்பப் பட்டியலில்' சேர்ப்பதற்காக, சொந்த எண்ணைக் கொடுத்து, ஓடிபி வாங்கி.

தம்பி, முகமூடி போட்டுக்கொண்டு போய் வாசலில் ஆதார் அட்டையை நீட்டியிருக்கிறீர்கள்.

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இன்காக்னிட்டோ என்ற பெயரும் அந்தத் தொப்பி கண்ணாடிப் படமும் யாரையும் ஏமாற்றும். அது முக்கியமாகச் செய்வது ஒன்றுதான்: சன்னலை மூடியதும் இந்தக் கணினியில் தடயத்தை அழிக்கும். வீட்டில் உள்ளவர்களிடமிருந்து மறைக்கும், கடைக்காரனிடமிருந்து இல்லை. இதற்காக அமெரிக்காவில் 2020-இல் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் வெளியான சமரசத்தின்படி கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோ திறந்ததும் வரும் வாசகத்தையும் அந்தச் சமயத்தில்தான் மாற்றினார்கள். இப்போது அதில், நீங்கள் போகும் தளங்கள் தரவு சேகரிப்பதை இது மாற்றாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

சரி, எண்ணைக் கொடுத்தால் செய்தித் தளத்தில் கிரைண்டர் எப்படி வருகிறது? கடைக்காரர் உங்கள் எண்ணை அப்படியே விளம்பரக் கம்பெனிக்குக் கொடுப்பதில்லை. அரைத்துக் கொடுக்கிறார். ஹாஷ் என்பார்கள். எண்ணை ஒரு கணக்கில் போட்டு அரைத்தால் நீளமான ஒரு குழப்ப எழுத்து வரும், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது, அதனால் பாதுகாப்பு என்பார்கள். ஆனால் ஒரே அரிசியை ஒரே கிரைண்டரில் போட்டால் எல்லார் வீட்டிலும் ஒரே மாவுதான். விளம்பரக் கம்பெனியிடம் நீங்கள் முன்பே கொடுத்த எண் இருக்கிறது. அவர்களும் அரைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு மாவும் ஒன்று என்றால் ஆள் ஒன்று. இப்படி ஆளைப் பொருத்த மூன்றாம் தரப்பு குக்கி தேவையே இல்லை, பிரவுசர் பாவம் என்ன செய்யும்? அதே கம்பெனியின் கணக்கில் நீங்கள் சாதாரண சன்னலில் லாகின் ஆகித்தான் இருக்கிறீர்கள்.

(கிரைண்டர் கேள்விக்குக் கிரைண்டர் உவமை தானாக வந்தது. மன்னிக்கவும்.)

15 மே, இரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். 'மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது' என்பது பெரிய, நீளமான ரகசியங்களுக்குச் சரி. செல்பேசி எண் பத்தே இலக்கம். சாத்தியமான எல்லா எண்ணையும் ஒரு கணினி வரிசையாக அரைத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். ஆகவே 'அரைத்துத்தான் கொடுக்கிறோம்' என்ற சமாதானத்தையும் முழுசாக நம்ப வேண்டாம்.

17 மே

இடையில் ஒன்று. கேள்வியோடு நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிரவுசிங் சென்டரில் ஒரு கணினியை நாளைக்கு முப்பது பேர் தொடுவார்கள். எங்கள் மூன்றாம் நம்பர் மெஷினில் 2018 வரை நான் குக்கியே அழித்தது இல்லை. அதில் வரும் விளம்பரங்களை வைத்து ஊர் நிலவரம் சொல்லலாம். மே மாதம் கவுன்சிலிங், கல்லூரி. ஆவணி நெருங்கினால் மேட்ரிமோனி. நடுவில் திடீரென்று வெளிநாட்டு நர்ஸ் வேலை, ஜெர்மன் வகுப்பு. ஒரு வாரம் முழுக்க முடி உதிர்வுக்கு எண்ணெய். யார் தேடியது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஒருமுறை ஒரு அப்பா பட்டா விண்ணப்பம் போட உட்கார்ந்தார், பக்கத்தில் அவர் மகள் நின்றாள், திரையின் ஓரத்தில் மேட்ரிமோனி விளம்பரம், அதுவும் வேறொரு மதத்தின் பெயரோடு. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை. அதற்கு முந்தின நாள் அவள் அதே மெஷினில் உட்கார்ந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, 'இது என்னப்பா கண்ட விளம்பரம்' என்றதோடு சரி.

அன்று மாலையே ஆறு மெஷினிலும் பிரவுசரை மூடினால் எல்லாம் அழியும்படி வைத்தேன். அதனால்தான் 'செட்டிங்ஸ் எல்லாம் கண்துடைப்பு' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இன்காக்னிட்டோ கூகுளிடமிருந்து காப்பாற்றாது. அந்தப் பெண்ணுக்குக் கூகுளா முக்கியம்?

20 மே

ஒருவர் போனைப் பற்றிக் கேட்டிருந்தார். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் தனி அறையில் இருக்கும், பிரவுசரில் நீங்கள் செய்வதைப் பக்கத்து ஆப் எட்டிப் பார்க்க முடியாது. அந்த மட்டில் நிம்மதியாக இருங்கள்.

24 மே

'பிரவுசர் கைரேகை' விஷயம் கேட்டிருக்கிறீர்கள், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. டோக்கன் எதுவும் கொடுக்காமலே ஆளை அடையாளம் காண்பது. 'பச்சை புல்லட், இடது கை, கொஞ்சம் திக்கிப் பேசுவார்' என்றால் எங்கள் ஊரில் பெயரே வேண்டாம். பிரவுசரும் அப்படித் தன்னைப் பற்றிச் சின்னச் சின்னதாகச் சொல்லிக்கொண்டே இருக்கும்: திரை அளவு, நேர மண்டலம், மொழி, கிராஃபிக்ஸ் கார்டு, எழுத்துருக்கள். ஒவ்வொன்றும் சாதாரணம். சேர்த்தால் ஆள்.

2010-இல் இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனில் பீட்டர் எக்கர்ஸ்லி இதை அளந்து பார்த்தார். 4,70,161 பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்தன்மையோடு இருந்தன, அதாவது அதே கைரேகை வேறு யாருக்கும் இல்லை. அந்தச் சோதனைத் தளம் இப்போதும் 'கவர் யுவர் டிராக்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. நேற்று கடை மெஷினில் போட்டுப் பார்த்தேன். கடந்த 45 நாளில் சோதித்தவர்களில் என்னைப் போல ஒருவரும் இல்லை என்றது. காரணம் கீழே பட்டியலிலேயே இருந்தது. பிரவுசரின் முதல் மொழி தமிழ். வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படி வைத்தேன். அப்புறம் எழுத்துரு. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை, பாமினியில் ஆரம்பித்து இருநூற்றுக்கு மேல் தமிழ் எழுத்துரு ஏற்றி வைத்திருக்கிறேன். சில எழுத்துருக்களைச் செய்தவர்களே மறந்திருப்பார்கள். உலகத்தில் இந்தக் கூட்டணி வேறு எந்த மெஷினில் இருக்கும்?

இன்னொன்றையும் கவனித்தேன். நேர மண்டலம் கேட்டால் ஃபயர்பாக்ஸ் 'ஆசியா/கொல்கத்தா' என்கிறது, குரோம் 'ஆசியா/கல்கத்தா' என்கிறது. ஊர்ப் பெயர் மாறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, குரோமுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

25 மே

நேற்று ஆர்வத்தில் இரண்டு இடத்தில் அதிகமாகப் பேசிவிட்டேன்.

ஒன்று, 83.6. அந்தத் தளத்துக்குத் தேடிப் போகிறவர்கள் யார்? நம்மைப் போல எதையாவது நோண்டுகிறவர்கள். பிரான்சில் மக்கள் அதிகம் போகும் சாதாரணத் தளம் ஒன்றில் 20 லட்சத்துக்கு மேல் கைரேகைகளை எடுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 33.6 சதவீதம்தான் தனித்து நின்றன. செல்பேசிகளில் 18.5. ஒரே மாடல் போன், ஒரே மென்பொருள், லட்சம் பேர் கையில். சுட்டிக்காட்டிய மதுரை நண்பருக்கு நன்றி. நான் 2010-ஐயே பிடித்துத் தொங்கிக்கொண்டு இருந்திருப்பேன்.

இரண்டு, எழுத்துரு. பிரவுசரோடு ஃபிளாஷ் என்ற துணை மென்பொருள் இருந்த காலத்தில் முழுப் பட்டியலையும் ஒரே கேள்வியில் வாங்கிவிடலாம். இப்போது முடியாது. மறைவாக ஒரு சொல்லை ஒரு எழுத்துருவில் எழுதிப் பார்ப்பார்கள், அகலம் மாறினால் அது இருக்கிறது, மாறவில்லை என்றால் இல்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். லதாவைக் கேட்பான், விண்டோஸோடு வந்தது, உலகத்துக்கே தெரியும். பாமினி என்ற பெயரை எங்கோ உட்கார்ந்து நிரல் எழுதுகிறவன் எதற்குக் கேட்கப் போகிறான்? என் இருநூறில் நூற்றுத் தொண்ணூறு யாருக்கும் தெரியாததாலேயே தப்பித்துக்கொண்டிருக்கும். பெருமைப்படுவதா வருத்தப்படுவதா தெரியவில்லை.

28 மே

'அப்படியானால் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுவிடலாமா' என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நானும் ஒரு காலத்தில் அந்தப் பைத்தியம் பிடித்து அலைந்தவன். பத்து எக்ஸ்டென்ஷன், பிரவுசர் பெயரை மாற்றிச் சொல்வது, லினக்ஸில் இருந்துகொண்டு விண்டோஸ் என்று பொய் சொல்வது. பொய் சொன்னால் எல்லாப் பதிலும் ஒத்துப்போக வேண்டும். விண்டோஸ் என்று சொல்லிவிட்டு லினக்ஸ் எழுத்துருவைக் காட்டினால், அப்படிக் காட்டுகிற ஊரின் ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆளை மறைப்பதற்கென்றே செய்த டார் பிரவுசர்க்காரர்கள் தலைகீழாக யோசித்தார்கள். ஒளிய வேண்டாம், எல்லாரும் ஒரே மாதிரி இருங்கள். பள்ளிச் சீருடை. சன்னல் அளவைக்கூடக் குறிப்பிட்ட சில அளவுகளுக்கு வெட்டி ஓரத்தில் சாம்பல் பட்டை விடும். யோசனை அருமை. ஆனால் அதில் ஓர் இடத்தில் எனக்கு நெஞ்சில் குத்தியது. பக்கங்களின் முதல் மொழியாகத் தமிழை வைத்தால், 'உங்கள் அந்தரங்கத்துக்காகப் பக்கங்களை ஆங்கிலத்தில் கேட்கட்டுமா' என்று ஒரு கேள்வி வரும். நியாயம்தான், கூட்டம் அங்கேதான் இருக்கிறது, கூட்டத்தில்தான் மறைய முடியும். நான் 'வேண்டாம்' அழுத்தினேன். தனியாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். இது தொழில்நுட்ப ஆலோசனை இல்லை, என் வீம்பு.

4 ஜூன்

20 மே குறிப்பை யாராவது நம்பி இருந்தால் மன்னிக்கவும். தப்பு.

நேற்று ஸ்பெயின், நெதர்லாந்து, பெல்ஜிய ஆய்வாளர்கள் ஒன்று வெளியிட்டிருக்கிறார்கள். அறை தனித்தனிதான், ஆனால் சுவரில் ஓட்டை. ஆண்ட்ராய்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்கள் பின்னணியில் 127.0.0.1-இல் காத்துக்கொண்டு இருந்திருக்கின்றன. அது எந்த வெளி முகவரியும் இல்லை, போன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. அந்த ஆப்களின் கம்பெனியான மெட்டாவின் 'பிக்ஸல்' என்ற பின்தொடரும் நிரல் வைத்த தளம் ஒன்றை நீங்கள் பிரவுசரில் திறந்தால், அந்த நிரல் தன் குக்கி எண்ணை வெளியே அனுப்புவதோடு போனுக்குள்ளேயே பக்கத்து அறைக்கும் கிசுகிசுத்திருக்கிறது. ஆப்புக்கு உங்கள் பெயர் தெரியும், லாகின் ஆகி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் முடிந்தது. குக்கியை அழித்தாலும், இன்காக்னிட்டோவில் போனாலும், எங்கும் லாகின் ஆகாவிட்டாலும். ரஷ்யாவின் தேடுபொறிக் கம்பெனி யாண்டெக்ஸ் இதே வேலையை 2017-இலிருந்தே செய்திருக்கிறது, மெட்டா 2024 செப்டம்பரிலிருந்து. செய்தி வெளியான அன்றே மெட்டா நிறுத்திவிட்டது. பிடிபட்டதும் நிற்கிற வேலை எப்படிப்பட்ட வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரவுசரில் எந்தப் பொத்தானைப் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்? குரோமில் அப்படி ஒரு பொத்தானே இருக்கவில்லை. பிரேவ் பிரவுசர் அந்த உள்முகவரிக்குப் போக முன்பே அனுமதி கேட்டுக்கொண்டிருந்ததால் அதை வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அல்லது அந்த ஆப்களே போனில் இல்லாதவர்கள்.

இந்த ஒரு செய்தியோடு பழைய குறிப்புகளைத் திரும்பிப் பார்க்கிறேன். 12 மே அன்று பிரவுசரை ஏதோ வீட்டின் ஒரே கதவு மாதிரி பேசிக்கொண்டு இருந்தேன். அது வீட்டின் ஒரு கதவு மட்டும். கிரைண்டர் தம்பியின் விஷயத்திலும் வந்தது அந்தக் கதவு வழியாக இல்லை.

5 ஜூன்

என் போனிலிருந்து ஃபேஸ்புக் ஆப்பை எடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பையும் எடுக்கச் சொல்கிறவர்கள் என் கடையில் வந்து ஒரு நாள் பத்திரிகை புரூஃப் அனுப்பிப் பார்க்கட்டும்.

19 ஜூலை

ரொம்ப நாள் ஆயிற்று. பள்ளி திறந்த சமயம், உதவித்தொகை விண்ணப்பக் கூட்டம்.

ஆறு மெஷினிலும் ஃபயர்பாக்ஸும் யூப்ளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானும் போட்டேன். குரோமில் இப்போது அதன் முழு வடிவம் ஓடாது, விதியை மாற்றிவிட்டார்கள், 'லைட்' என்று இளைத்த ஒன்றுதான் இருக்கிறது. முதல் இரண்டு நாள் சொர்க்கம். பழைய மெஷின்கள் துள்ளிக்கொண்டு ஓடின, விளம்பரம் இல்லை என்றால் பக்கம் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிகிறது. மூன்றாம் நாள் ஒரு விண்ணப்பத் தளத்தில் ஓடிபி கேட்கும் பெட்டி வரவே இல்லை. கடைசித் தேதி வேறு. பின்னால் எட்டுப் பேர், ஒரு அம்மா கையில் குழந்தை. பதினைந்து நிமிடம் கழித்துத்தான் தடுப்பான் தடுக்கிறது என்று எனக்கு உறைத்தது. 'என்னண்ணே மெஷின் வச்சிருக்கீங்க' என்று ஒரு பையன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்திவிட்டு வேலையை முடித்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே ஒருவர் 'எல்லாரும் கடுமையான அமைப்பையே போட வேண்டியதுதானே, சோம்பேறிகள்' என்று எழுதியிருந்தார். எல்லாரும் போட்டால் ஓடிபி பெட்டி வராதபோது யாரைக் கூப்பிடுவார்கள்? என்னைத்தான்.

வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் நீள வாலை வெட்டி அனுப்பச் சொல்வது என் வழக்கம், பின்தொடரும் குறிகள் அதில்தான் ஒட்டிக்கொண்டு வரும். அதிலும் பாடம். ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பத்திரிகை டிசைன் லிங்கை வாலை வெட்டி அனுப்பினேன். எந்த டிசைன் என்ற விவரமே வாலில்தான் இருந்தது. அவர்களுக்குத் திறந்தது காதுகுத்துப் பத்திரிகை.

20 ஜூலை

கேட்டவரிடமிருந்து தகவல். கிரைண்டர் வாங்கிவிட்டார், ஊரிலேயே கடைக்குப் போய், ரொக்கம் கொடுத்து. ஆனால் இணையத்தில் கிரைண்டர் இன்னும் வருகிறதாம், இப்போது தள்ளுபடியோடு. ரொக்கத்தில் வாங்கியதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்கள் கணக்கில் நீங்கள் இன்னும் மாவில்லாமல் தவிக்கிறீர்கள். இவ்வளவு துரத்தியும் இது தெரியவில்லையே என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கணக்கில் லாகின் செய்து விளம்பர அமைப்புகளில் 'தனிப்பயன் விளம்பரம்' என்பதை அணைத்தாராம், அந்தக் கடையின் கணக்கையும் அழித்தாராம். பார்ப்போம்.

2 ஆகஸ்ட்

கிரைண்டர் நின்றுவிட்டது. பிரவுசரில் அவர் புதிதாக எதையும் மாற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

22 அக்டோபர்

குக்கிக்கு மாற்றாக கூகுள் ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்த பிரைவசி சாண்ட்பாக்ஸில் பெரும்பகுதியைப் போன வாரம் மூடிவிட்டார்கள். குக்கி அப்படியே இருக்கிறது, மாற்று போய்விட்டது. 12 மே மாலை குறிப்பில் 'வேறு எப்படி முடியும்' என்று எழுதினேன். ஒரு நண்பர் வந்து நியாயமாகவே ஒன்றைச் சொன்னார்: குரோம் குக்கியை நிறுத்தினால் மற்ற விளம்பரக் கம்பெனிகள் சாகும், கூகுள் மட்டும் பிழைக்கும் என்று பிரிட்டனின் போட்டி ஆணையமும் இதில் தலையிட்டிருந்தது. ஆமாம், அதையும் சேர்த்துப் படியுங்கள். முழுக்கப் பேராசை மட்டும் இல்லை.

16 நவம்பர்

நம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதற்கான விதிகளை இப்போதுதான் அறிவித்திருக்கிறார்கள். முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர இன்னும் 18 மாதம். அபராத உச்சம் 250 கோடி ரூபாய். சுவரில் எழுதிய 'ஒட்டாதீர்' அருகே ஒரு போலீஸ்காரர் வந்து நிற்பாரா என்று அப்போது பேசலாம்.

23 நவம்பர்

24, 25 மே குறிப்புகளுக்குத் தொடர்ச்சி. ஃபயர்பாக்ஸ் 145 வந்துவிட்டது. கடுமையான அமைப்பைப் போட்டாலோ, தனிப்பட்ட சன்னலில் போனாலோ, நாமாக ஏற்றிய எழுத்துருக்களை இனி எந்தத் தளமும் பயன்படுத்த முடியாது, விண்டோஸோடு வந்தவை மட்டும். என் பாமினிக் கூட்டம் மொத்தமும் ஒரே அடியில் மறைந்தது. போட்டுவிட்டு சந்தோஷமாக நான்கு நாள் இருந்தேன்.

நேற்று இரவு ஒரு பழைய தளத்துக்குப் போனேன். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒருவர் தன் ஊரின் கோயில் கல்வெட்டுகளை உட்கார்ந்து தட்டச்சு செய்து போட்டது, 2001 வாக்கில் இருக்கும். முழுக்கப் பாமினி. அதாவது அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகள், அந்த எழுத்துரு நம் மெஷினில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். திறந்தால் பக்கம் முழுக்க அரைப்புள்ளியும் ஆங்கிலக் குப்பையும். தளம் போய்விட்டது என்று நினைத்து ஒரு நிமிடம் பதறிவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, எழுத்துருவை அவனிடமிருந்து மறைத்ததில் கல்வெட்டு என்னிடமிருந்தும் மறைந்துவிட்டது.

முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கேடயத்தை அழுத்தி அந்த ஒரு தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை அணைத்தேன். தமிழ் வந்தது. அந்தப் பக்கத்தில் விளம்பரமும் இல்லை, பின்தொடர்கிற நிரலும் இல்லை. மூலையில் 'வருகை' என்று ஒரு எண் மட்டும், அதுவும் ஓடாமல் நின்றுபோனது.